ராத்திரி விளக்காத பாத்திரம்

புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற என் மகள், இரண்டு வருடம் முன்பு செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை வைத்த சங்கரா மீன் குழம்பு சூடாகிக்கொண்டிருக்கிறது. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசனை பிடித்து எழுந்து வந்தவள், தலைமுடியைக்கூட முடியாமல், தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நிலைப்படி ஓரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

“பல்லு வெளக்குனியா?”

“சாப்ட்டு வெளக்குறேன் ஆயா.”

அவ்வளவுதான். “ஊத்த வாயோட சோறு திங்கிறதா? உங்கம்மா இதத்தான் சொல்லிக் குடுத்திருக்காளா?” என்று பழி நேராக என் தலையில் வந்து விழுந்தது. மகள் அசரவில்லை. “இப்ப வெளக்கிட்டு உடனே மீன் குழம்பு சாப்ட்டா வாய் மறுபடி நாறத்தானே போவுது? தட்ட சாப்ட்டப்புறம்தான கழுவுறோம், சாப்புடறதுக்கு முன்னாடியா கழுவுறோம்?” என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை விடுகிற ஆளா? “ராத்திரி கழுவிக் கவுத்த தட்டக்கூட காலைல ஒருதரம் அலசாம அதுல சோறு போடுவியா? ராவுல பல்லி போயிருக்கும், கரப்பான் போயிருக்கும்” என்றார். “என் வாயில எந்தப் பல்லி ஆயா போவுது?” என்று மகள் சிரிக்க, அத்தையும் சிரித்துவிட, இட்லி தட்டுக்கு வந்துவிட்டது. விஷயம் அங்கே முடிந்தது அவர்கள் இருவருக்கும். எனக்கு முடியவில்லை. அந்தத் தட்டு உவமையில் யார் சொன்னது சரி என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்கான விலையைப் பல்லில் கொடுத்தேன், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

(அத்தைக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது, நாலு வருடமாகப் பல் செட்தான். இருந்தாலும் காலையில் அதைப் போடும் முன் வாயைக் கொப்பளித்து, ஈறை விரலால் தேய்த்து, அப்புறம்தான் காபி. சட்டம் சட்டம்தான்.)

குழாயடி

நான் பிறந்து வளர்ந்தது புதுப்பாளையம். பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது என்பது அம்மாவின் விதி. அதில் பல்லைப் பற்றிய அக்கறை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ராத்திரி தூங்கி எழுந்த வாய் தீட்டு மாதிரி ஒன்று, அதைக் கழுவிவிட்டுத்தான் அடுப்பு, விளக்கு, சாமி படம், சாப்பாடு எதையும் நெருங்கலாம், அவ்வளவுதான். அப்பா தோட்டத்துக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் சிவப்புப் பல்பொடியைக் கொட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கால்மணி நேரம் தேய்ப்பார். அந்தக் காறல் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பல்பொடி, உமிக்கரி, வேப்பங்குச்சி என்று ஏங்குகிற கட்டுரைகளைப் படித்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்குள் கடைவாய்ப் பல் எல்லாம் போய்விட்டது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எங்கள் வீட்டிலும் எல்லோரும் சொன்னார்கள், பல்தான் அதைக் கேட்கவில்லை.

அந்தக் குழாயடியைப் பற்றி இப்போது யோசித்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. எங்கள் வீடுகளில் வாய் கழுவுகிற இடம் என்று உள்ளே எதுவும் இருந்ததில்லை. தோட்டத்துக்குப் போக வேண்டும். காலையில் சரி, வெளிச்சம் இருக்கும், காக்கை கத்தும், பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே இருட்டும் கொசுவும்தான், மழைக்காலம் என்றால் தேரையும் இருக்கும், பூச்சி பொட்டு பயமும் உண்டு. யார் போவார்கள்? சாப்பிட்டதும் வாசல் பக்கம் ஒரு சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பாயை விரித்துவிடுவோம். காலையில் விளக்குவது பழக்கமாகி, ராத்திரி விளக்குவது பழக்கமாகாமல் போனதற்குச் சாஸ்திரத்தைவிட அந்தக் குழாய்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்குள் வாஷ்பேசின் வந்து இருபது வருடம் ஆகிறது, பழக்கம் மட்டும் இன்னும் தோட்டத்திலேயே நிற்கிறது.

மகள் பக்கம் சாய்ந்தேன்

சரி, கதைக்கு வருகிறேன். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் மெல்ல மகள் கட்சிக்கு மாறினேன். என் கணக்கு இது: காலை ஐந்தேகாலுக்கு எழுந்து விளக்கிவிடுகிறேன். சமையல், டப்பா கட்டுவது எல்லாம் முடிந்து எட்டரைக்கு என் வாயில் இட்லி போகிறது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் நாலு டீ, மதியச் சோறு, சாயங்காலம் ஏதாவது, ராத்திரி தோசை. இவ்வளவும் தின்ற வாய் மறுநாள் ஐந்தேகால் வரை அப்படியே கிடக்கிறது. இதில் ஐந்தேகாலுக்கு விளக்கி யாருக்கு என்ன லாபம்? ஆகவே எழுந்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளிப்பது, டிபன் முடிந்ததும் விளக்குவது என்று மாற்றிக்கொண்டேன். (மாமியார் பார்க்காதபோது. நாற்பத்தாறு வயதில் பல் விளக்குவதை ஒளிந்து செய்த பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

அதே சமயத்தில்தான் எடை குறைக்கிறேன் என்று இன்னொன்றையும் ஆரம்பித்திருந்தேன். காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முழு எலுமிச்சம்பழம் பிழிந்து தேன் விட்டுக் குடிப்பது. எடை ஒன்றும் குறையவில்லை என்பது வேறு விஷயம். குடித்த ஐந்து நிமிடத்தில், புளிப்பு பல்லில் தங்கக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், கெட்டி நார் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நறநறவென்று தேய்த்துவிடுவேன். சில நாள் டிபனும் அதோடு முடிந்திருக்கும், மீன் குழம்பு, புளிக் குழம்பு, தக்காளிச் சட்னி, எதுவானாலும் கையோடு தேய்ப்புதான். தேய்த்து முடித்ததும் நாக்கால் தடவினால் பல் கண்ணாடி மாதிரி வழுக்கும். என்ன ஒரு சந்தோஷம்!

ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். பானைத் தண்ணீர் குடித்தால் இடது பக்கம் சுளீரென்றது. அப்புறம் மோர் குடித்தாலும் கூசியது, வாயைத் திறந்து காற்றை இழுத்தாலும் கூசியது. ஈறை ஒட்டி நகம் மாட்டுகிற மாதிரி ஒரு பள்ளம் கையில் தட்டுப்பட்டது. மகள்தான் புதுச்சேரியில் தனக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள்.

டாக்டர் கேட்ட இரண்டு கேள்வி

அந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டே போனவர், வெளியே எடுத்துவிட்டு, “காலைல என்ன சாப்பிட்டதும் வெளக்குவீங்க?” என்று கேட்டார். எத்தனை தடவை விளக்குவீர்கள், என்ன பேஸ்ட் என்று கேட்பார் என எதிர்பார்த்துப் போனவள் நான். எலுமிச்சைச் சாறைச் சொன்னேன். எவ்வளவு நேரம் கழித்து என்றார். உடனே, புளிப்புத் தங்கக் கூடாதே என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“வீட்ல குத்துவெளக்கு இருக்கா?”

“இருக்கு டாக்டர்.”

“எதப் போட்டு வெளக்குவீங்க?”

“புளிதான்.”

“புளி போட்டா என்ன ஆவும்?”

“களிம்பெல்லாம் கழண்டு பளிச்சுனு ஆயிடும்.”

“அதத்தான் பல்லுல பண்ணிட்டிருக்கீங்க. ஆனா இங்க கழண்டு போறது களிம்பு இல்லம்மா, பல்லு.”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பாத்திரம் விளக்குகிறோம், குத்துவிளக்கு விளக்குகிறோம், பல் விளக்குகிறோம். ஒரே வார்த்தையை மூன்றுக்கும் வைத்துக்கொண்டு, ஒன்றில் தெரிந்த விஷயத்தை இன்னொன்றில் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பல்லின் மேல்தோடாகிய எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள், எலும்பைவிடக் கெட்டி. ஆனால் அமிலம் பட்டால் அதுவும் இளகும். வாயின் பி.ஹெச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேற ஆரம்பிக்கிறது. எலுமிச்சைச் சாறு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, புளியும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். இளகிய நேரத்தில் கெட்டி பிரஷ்ஷால் தேய்த்தால் மேல்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வழித்துக்கொண்டு போகும். ஈறுக்குப் பக்கத்தில் தோடே மெல்லிசு, அதனால் அங்கேதான் முதலில் பள்ளம் விழுகிறது. அந்தக் காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வருவாரே, அப்படி எனாமல் தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ள முடியாது. எச்சில்தான் ஒரே ஈயக்காரர். அது அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும், அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

இந்த அரை மணி விஷயத்தில் மருத்துவர்கள் எல்லோரும் ஒரே பேச்சில் இல்லை என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. இளகிய தோடு அவ்வளவு சீக்கிரம் பழைய கெட்டிக்கு வந்துவிடாது, காத்திருந்து பெரிய லாபம் இல்லை, புளிப்பைக் குறைப்பதுதான் வழி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான், இரண்டுமே எலுமிச்சைச் சாற்றை விடச் சொல்கின்றன. விட்டுவிட்டேன்.

அப்புறம் அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

“ராத்திரி?”

“ராத்திரி என்ன டாக்டர்?” என்றேன் நான்.

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையில் இருந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். கீழ்க் கடைவாயில் இரண்டு பல்லுக்கு நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கறுப்பாக ஒரு சொத்தை. தூங்கப் போகும் முன் கடைசியாக என்ன சாப்பிடுவீர்கள் என்றார். சொன்னேன். பாத்திரம் எல்லாம் கழுவி முடித்து, அடுப்பு மேடையைத் துடைத்து, தொட்டியில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துப் போட்டுவிட்டு, சீரியல் முன்னால் உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடிப்பேன், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு. நாள் முழுதும் எனக்கே எனக்கு என்று இருக்கிற அரை மணி நேரம் அது. அந்த இனிப்போடு அப்படியே போய்ப் படுத்துவிடுவேன். “தூங்கும்போது எச்சில் ரொம்பக் குறைஞ்சிடும்மா. பகல்ல கழுவி விட ஆளு இருக்கு, ராத்திரி அதுவும் இல்ல” என்றார் அவர்.

அன்று சொத்தையைக் குடைந்து அடைத்துவிட்டு அனுப்பினார். மரத்துப்போன கன்னத்தைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருக்க, எனக்கு எங்கள் வீட்டுச் சமையல் மேடைதான் கண் முன்னால் நின்றது. எவ்வளவு அசதியாக இருந்தாலும் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு நான் படுத்ததில்லை. காய்ச்சலில்கூட. பால் பாத்திரத்தை ராத்திரி முழுக்க அப்படியே போட்டு வைத்தால் காலையில் என்ன நாற்றம் நாறும், எப்படி ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலைக் குடித்த வாயை மட்டும் இருபத்தைந்து வருடமாக, கல்யாணமான நாள் முதல், ஊற வைத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறேன். வீட்டில் இருக்கிற பாத்திரங்களிலேயே ராத்திரி விளக்காமல் விட்டது என் வாயைத்தான். ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? பாத்திரம் கழுவாவிட்டால் காலையில் நாலு பேர் கேட்பார்கள், வாயை யார் கேட்கப்போகிறார்கள் என்பதாக இருக்கலாம். பெரிய கங்கணாங்குப்பம் தாண்டி பெண்ணையாற்றுப் பாலம் வரும்போதுதான் கன்னம் உயிர் பெற்று வலிக்க ஆரம்பித்தது.

அத்தை சொன்ன அலசல்

அந்தப் பழைய தட்டுச் சண்டைக்கு இப்போது என்னால் தீர்ப்புச் சொல்ல முடியும். அத்தை சொன்னது பெரும்பாலும் சரி, காரணம்தான் வேறு. ராத்திரி எச்சில் குறைந்த வாயில் கிருமிகள் பெருகிப் பல் மேல் ஒரு வழுவழுப்பான படலம் படிகிறது, நாம் ஊத்தை என்கிறோமே அதுதான். டிபனில் இருக்கிற சர்க்கரையையும் மாவையும் அமிலமாக மாற்றுவது இந்தக் கிருமிகள். சாப்பிடும் முன் அதை வழித்துவிட்டால் அமிலம் செய்ய ஆள் குறைவு. பேஸ்ட்டில் இருக்கிற ஃபுளோரைடு வேறு பல்லுக்கு ஒரு காப்பு கொடுக்கிறது. அத்தை சொன்ன பல்லி, கரப்பான் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. மகள் சொன்னதும் தப்பில்லை, தின்றதும் கையோடு தேய்க்காமல் கொஞ்சம் பொறுத்தால். ஆனால் இரண்டு பேரும் தட்டு உவமையின் முதல் பாதியை மறந்துவிட்டார்கள். ராத்திரி கழுவிக் கவிழ்த்த தட்டைத்தான் காலையில் அலசுகிறோம். ராத்திரி கழுவவே இல்லை என்றால் காலையில் எதை அலசுவது?

என் நாலு டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940-களில் சர்க்கரைத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வைத்து, பல் மேல் இருக்கிற படலத்தின் அமில அளவை அளந்து பார்த்தார். சில நிமிடத்தில் பி.ஹெச். சரசரவென்று இறங்கிவிடுகிறது, பழைய நிலைக்கு ஏற அரை மணி, ஒரு மணி என்று இழுக்கிறது. அடுத்த டீ வந்தால் கணக்கு முதலிலிருந்து. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டியிலிருந்து கரும்பை உருவிக் கடித்துத் தின்று வளர்ந்த ஊர் இது. சர்க்கரையை விடச் சொன்னால் எவன் கேட்பான்? நான் நாலு டீயை இரண்டாக்கியிருக்கிறேன். அதற்கே அலுவலகத்தில் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள்.

இதையெல்லாம் சொந்தக்காரர்களிடம் சொன்னால், நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள் என்று ஒரு சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். என்னதான் சொன்னார்கள் என்று நானும் புரட்டினேன். பழைய ஒழுக்க நூலான ஆசாரக்கோவை விடியலில் “கோல் தின்று” கண் கழுவித் தெய்வத்தைத் தொழச் சொல்கிறது. பல்குச்சியைத் தின்பது என்பது எவ்வளவு அழகான பிரயோகம்! சாப்பிட்டதும் எச்சில் அற வாயைக் கழுவச் சொல்வதும் அதில் உண்டு. வாக்படரின் பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் குச்சியைக் காலையிலும், சாப்பிட்ட பின்பும் என்று இரண்டு வேளைக்கும் சொல்கிறது. ஆக, அத்தைக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு பழைய ஆதாரம் இருக்கிறது. படுக்கப் போகும் முன் விளக்கு என்று எனக்குச் சொல்லத்தான் அவற்றில் யாரும் கண்ணில் படவில்லை.

இப்போது காலையில் டிபனுக்கு முன் விளக்குகிறேன், ஒளியாமல். டிபன் முடிந்தால் தண்ணீரில் கொப்பளிப்பு மட்டும். பால் டம்ளரையும் விடவில்லை, சீரியலுக்கு முன்பே குடித்துவிடுகிறேன், சர்க்கரையைப் பாதியாக்கி. படுக்கும் முன் மெத்து நார் பிரஷ்ஷில் இரண்டு நிமிடம் விளக்கி, நுரையைத் துப்பிவிட்டு அதற்கு மேல் வாயைக் கழுவாமல் விடுகிறேன், ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னபடி. முதல் ஒரு வாரம் வாய் கழுவாமல் படுப்பது என்னவோ மாதிரிதான் இருந்தது. ரொம்பக் கஷ்டம் எது என்றால், விளக்கிய பிறகு ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பது. பண்ருட்டி பலாச்சுளை உள்ளே இருக்கிற மாதங்களில் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி நான் வாஷ்பேசின் முன்னால் நிற்கும்போது அத்தையும் வந்தார். பல் செட்டைக் கழற்றி, அதற்கென்று வைத்திருக்கிற சின்ன பிரஷ்ஷால் மேலும் கீழும் இடுக்கு இடுக்காகத் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, டம்ளர் தண்ணீரில் போட்டார். நாலு வருடமாக ஒரு ராத்திரி தவறாமல் இதைச் செய்கிறார், நான் அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் அத்த, கழட்டி வெக்கிற பல்ல ஒரு நாள் விடாம ராத்திரி கழுவுறீங்களே, சொந்தப் பல்லு இருந்தப்ப இப்படி வெளக்குனீங்களா?”

செட் இல்லாமல் அவர் பேசினால் பாதி காற்றுதான் வரும்.

“இதுக்குக் காசு குடுத்தோமில்ல” என்றார். டம்ளரை ஒரு சாஸரால் மூடிவிட்டு, குழாய் சொட்டுகிறது, இறுக்கி மூடு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.